பம்பரில் கட்டாதீங்க

"சங்கிலிய அவுக்கச் சொல்லுங்க. இல்லன்னா நான் வந்த வழியே போய்ட்றேன்."

முத்துமாரி திரும்பினாள். மீட்பு லாரியிலிருந்து இறங்கியவன் தூறலில் நனைந்தபடி நின்றான். அவன் கண்கள் அவளைப் பார்க்கவில்லை... காரைத்தான் பார்த்தன.

ஆம்பூரில் அந்தப் பழைய தோல் ஷெட்டுக்குப் பின்னால், அப்பாவின் ஆஸ்டின் கார் பதினோரு வருடமாக நின்ற இடத்திலேயே பாதிச் சக்கரம்வரை மண்ணில் புதைந்திருந்தது. நாளைக் காலை ஷெட்டை இடிக்கிறார்கள். பக்கவாதத்தில் படுத்த அப்பா கோவிந்தசாமி, வாலாஜாபேட்டை வீட்டில் கட்டிலை ஜன்னல் பக்கம் திருப்பச் சொல்லிக் காத்திருக்கிறார். கார் முழுசாகப் போய்ச் சேர வேண்டும். அவசரத்தில் அவள் ஜேசிபியையும் வரவழைத்திருந்தாள். அதன் டிரைவர்தான் பம்பரில் சங்கிலி மாட்டியிருந்தார்.

"இழுத்தா வராதா இன்னா?" என்றாள்.

"வரும். பம்பர் மட்டும் வரும்."

சிரிப்பு வந்தது. அடக்கினாள். ஷூ கம்பெனியில் தோலின் தரம் பார்ப்பவள் அவள். அவள் முகம் சுருங்கினால் லைனில் வேலை செய்கிற அத்தனை பேரும் பயப்படுவார்கள். இவன் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லையே... வீம்பாகக் கொஞ்ச நேரம் நின்றாள். பிறகு சங்கிலியை அவிழ்க்கச் சொன்னாள்.

அவன் பெயர் தமிழ்வேந்தன். அணைக்கட்டு ஊர்க்காரன். சக்கரங்களைச் சுற்றித் தோண்டினான். பலகை மேல் ஜாக்கி வைத்து, ஒவ்வொரு சக்கரமாகத் தூக்கி, துருவில் இறுகிய பிரேக்கைத் தட்டி விடுவித்தான். காற்றடித்தான். சக்கரத்தடியில் பலகை சொருகினான். கியரை நியூட்ரலில் போட்டு, அடிச்சட்டத்தின் இரண்டு பக்கமும் பட்டை கட்டி, லாரியின் ரோப்பில் மாட்டி மெல்ல இழுத்தான். ஈரப் பலகையில் தேய்ந்த டயர் பக்கவாட்டில் வழுக்கியது. நிறுத்திவிட்டு, குனிந்து டயரையும் பலகையையும் மாறி மாறிப் பார்த்தான்.

அவள் ஷெட்டிலிருந்து கழித்துப் போட்ட தோல் துண்டுகளை அள்ளி வந்து, சொரசொரப்பான பக்கம் மேலே தெரியப் பலகையில் ஆணி அடித்தாள்.

"இதுகூடத் தெரியாதா?"

"தெரியலீங்க" என்றான். அப்போதுதான் அவளை நேராகப் பார்த்தான். ஆணி ஒன்று கோணலாக இறங்கியது.

ஸ்டியரிங்கில் ஒருவர் உட்கார வேண்டும், பிரேக் கிடையாது, பயமென்றால் வேண்டாம் என்றான். எங்கப்பா கார் என்று ஏறி உட்கார்ந்தாள்.

"ரெண்டே பேச்சு. 'இன்னும் கொஞ்சம்'னா இழுப்பேன். 'போதும்'னா நிறுத்திடுவேன். வேற யார் சொன்னாலும் கேக்கமாட்டேன்."

ரோப் அருகிலிருந்து எல்லோரையும் விலக்கினான். ஜேசிபி டிரைவர் பக்கத்தில் நடந்தபடி பின் சக்கரத்துக்குக் கட்டை வைத்துக்கொண்டே வந்தார்.

"இன்னும் கொஞ்சம்..."

மண் கரகரத்தது. கார் அசைந்தது.

"போதும்."

அந்த நொடியே நின்றது. கம்பெனியில் பயந்து கேட்பார்கள்... இவன் நம்பிக் கேட்கிறான். சக்கரத்தை நேராக்கினாள். மறுபடி சொன்னாள். நாலு தடவையில் கார் லாரி மேல் ஏறியது.

வாலாஜாபேட்டையில் காரை இறக்கியதும், ஜன்னலில் அப்பாவின் இடது கை மெல்ல உயர்ந்தது. ஹாரன் அடிப்பதுபோல் கம்பியை அழுத்தியது.

தமிழ்வேந்தன் கிளம்பவில்லை. சுருட்டிய பட்டையைப் பிரித்து மறுபடி சுருட்டினான்.

"தப்பா இருந்தா 'போதும்'னு சொல்லுங்க, நிறுத்திட்றேன். காலையில வேணும்னேதான் உங்களப் பாக்கல. பாத்தா வேலை ஓடாதுன்னு தோணுச்சு. இன்ஜின சரி பண்றேன்னு தினம் வரலாம்னு இருந்தேன்... அது சாக்கு. எனக்கு உங்கள புடிச்சிருக்கு."

நிறுத்தினான். காத்திருந்தான்.

முத்துமாரி பம்பரைப் பார்த்தாள். ஒரு கீறல் இல்லை.

"இன்னும் கொஞ்சம்..." என்றாள்.