வராத பெண்ணுக்கு வருகைப் பதிவு

மாலை ஐந்தரை. அவிநாசியை அடுத்த அந்தக் கிராமத்தில், அரசு உயர்நிலைப் பள்ளிக்குப் பின்னால் இருந்த தோட்டத்துக் கிணற்றில் தீயணைப்பு வீரர்கள் இறங்கிக்கொண்டிருந்தார்கள்.

கிணற்று மேட்டில் உட்கார்ந்திருந்த ராசாத்தாள் அழவில்லை. மேலே வரும் ஒவ்வொரு கயிற்றையும் வெறித்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். பத்தாம் வகுப்பு படிக்கும் அவளுடைய ஒரே மகள் அக்ஷிதா காலையில் சீருடையோடு வீட்டைவிட்டுக் கிளம்பியவள்தான். பள்ளி விட்டு அத்தனை பிள்ளைகளும் வீடு திரும்பிவிட்டார்கள். அவள் திரும்பவில்லை.

பள்ளிக்குள், தலைமையாசிரியர் அறையில், பெண் சப்-இன்ஸ்பெக்டர் ஒருவரின் முன்னால் வேறொரு சண்டை நடந்துகொண்டிருந்தது.

"காலையில ஸ்கூலுக்கு வந்த புள்ள எங்கீங்க?" என்று மேசையைத் தட்டினான் கதிர். ராசாத்தாளின் தம்பி, லாரி ஓட்டுபவன். "உங்க கம்ப்யூட்டர்லயே வந்திருக்கான்னு காட்டுது. இந்த டீச்சரம்மா வரலேங்குது. பொய் சொல்ற பொம்பளையப் புடிச்சு உள்ள போடுங்க மேடம்!"

அந்த டீச்சரம்மா நவ்யா. அறிவியல் ஆசிரியை, பத்தாம் வகுப்பின் வகுப்பாசிரியை. சுவரோரம் நின்றிருந்தாள்.

"நான் ஆப்சென்ட்னுதான் மேடம் போட்டேன். அக்ஷிதாவும் இன்னும் மூணு பேரும் வரல. நாலு பேருக்கும் போட்டேன். சத்தியமா போட்டேன்."

சப்-இன்ஸ்பெக்டர் இஸ்மத், தலைமையாசிரியர் சுந்தரராஜுலு திருப்பிக் காட்டிய திரையைப் பார்த்தார். கல்வித் துறையின் இணையதளம். வருகைப் பதிவும் பாடக் காணொளிகளும் ஒரே இடத்தில் இருந்தன. அக்ஷிதா பெயருக்கு நேரே பச்சைக் குறி. கீழே ஒரு குறிப்பு: முற்பகல் இடைவேளையில் திருத்தப்பட்டது. திருத்தியவர், நவ்யா.

"இடைவேளையில எங்க இருந்தீங்க?"

"ஸ்டாஃப் ரூம்ல."

"போன்?"

"கையிலதான் இருந்துச்சு மேடம்." சொல்லும்போதே நவ்யாவின் குரல் உடைந்தது. அந்தப் பதில் தன்னையே சிக்க வைக்கிறது என்பது அவளுக்குத் தெரிந்தது.

"பாஸ்வேர்டு வேற யாருக்குத் தெரியும்?"

சுந்தரராஜுலு தொண்டையைச் செருமினார். "எனக்குத் தெரியுமுங்க. எல்லா டீச்சர் பாஸ்வேர்டும் ஆபீஸ்ல இருக்குது."

"வருகை குறைஞ்சா மேலிடத்துல உங்களைத்தானே கேப்பாங்க?"

அவர் முகம் கறுத்தது. "அதுக்காக, காணாமப்போன புள்ளைய வந்ததா எழுதுவேனுங்களா?"

டீ வந்தது. இஸ்மத் வேண்டாமென்று கையை அசைத்தார். "நோன்புங்க. மத்தவங்க குடிங்க." பிறகு நவ்யாவிடம், "இன்னிக்கு உங்க வகுப்புல நடந்ததை ஒண்ணுவிடாம சொல்லுங்க. முக்கியமில்லேன்னு நெனக்கிறதையும்" என்றார்.

நவ்யா சொன்னாள். வகுப்பு தொடங்கியதும் கைபேசியில் வருகைப் பதிவு. பிறகு வகுப்பறை ஸ்மார்ட் போர்டில் துறையின் இணையதளத்தைத் திறந்து மின்னோட்டப் பாடத்தின் காணொளியைப் போட்டாள். பாதியில் மணி அடித்தது. நிறுத்தி வைத்துவிட்டு இடைவேளைக்குப் போனாள். திரும்பி வந்ததும் மீதியைத் தொடரலாமென்றால் காணொளி முதலிலிருந்து ஓடியது. பிள்ளைகள் 'ஐயோ மறுபடியுமா' என்று கத்தினார்கள்.

"கரண்டு போச்சா?"

"இல்லீங்க. ஃபேன் ஓடிட்டேதான் இருந்துச்சு. நெட்டு பிரச்சினையா இருக்கும்னு விட்டுட்டேன்."

கதிரின் கைபேசி ஒலித்தது. வராந்தாவுக்குப் போனான். முதுகைத் திருப்பிக்கொண்டு அடங்கிய குரலில் பேசினான். திறந்திருந்த கதவு வழியே இஸ்மத்தின் காதில் விழுந்தது. "நாளைக்கு விடியாலயே வண்டி வந்து நிக்கோணும். இல்லைல்ல, கேன்சல் எல்லாம் பண்ணாத. நாஞ் சொல்றேன்."

கிணற்றுப் பக்கமிருந்து ஆள் வந்தது. கிணற்றில் ஒன்றுமில்லை, அடுத்த தோட்டத்துக் கிணற்றைப் பார்க்கப் போகிறார்கள். அதைக் கேட்ட நவ்யா அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். "எனக்கு வேல போனாலும் பரவாயில்ல மேடம். அந்தப் புள்ளைய மட்டும் கண்டுபுடிச்சுக் குடுத்துருங்க."

வாசலில் இன்னொரு பெண் நின்றிருந்தாள். இல்மா. அக்ஷிதாவின் பக்கத்து இருக்கைக்காரி. விசாரிப்பதற்காக வீட்டிலிருந்து அழைத்துவரப்பட்டவள். எது கேட்டாலும் "தெரியாதுங்க" என்ற ஒரே பதில்தான். அவள் பார்வை மட்டும் தரையில் கிடந்த நவ்யாவை விட்டு அகலவில்லை.

பள்ளிவாசலில் நோன்பு திறக்கும் நேரத்துப் பாங்கு ஒலித்தது. இஸ்மத் பையிலிருந்து பேரீச்சம்பழப் பொட்டலத்தை எடுத்து இல்மாவிடம் நீட்டினார். "வா கண்ணு. நீயும் நோன்புதான?"

இல்மா ஒன்றை எடுத்துக்கொண்டாள். வாயில் வைக்கவில்லை.

இஸ்மத் அவளை வகுப்பறைக்கு அழைத்துப் போனார். நவ்யாவையும் கூட வரச் சொன்னார். ஸ்மார்ட் போர்டை இயக்கி, இணையதளத்தைத் திறந்து அதே காணொளியைப் போட்டுப் பாதியில் நிறுத்தினார். அங்கிருந்து வருகைப் பதிவுப் பக்கத்துக்குப் போனார். மறுபடி காணொளிக்குத் திரும்பினார். அது முதலிலிருந்து ஓடத் தொடங்கியது.

நவ்யா மூச்சை உள்ளிழுத்தாள்.

"உங்க கைபேசியில யாரும் கை வெக்கல டீச்சர். பாஸ்வேர்டையும் யாரும் திருடல. நீங்க திறந்து போட்டுட்டுப் போன இந்த போர்டுலதான் திருத்தியிருக்காங்க. ஆபீஸ்ல உக்காந்து சார் மாத்தியிருந்தா இந்தக் காணொளி நீங்க நிறுத்துன எடத்துலயே நின்னிருக்கும்." இஸ்மத்தின் குரல் உயரவில்லை. "நாலு பேர் வரல. வருகையைக் கூட்டிக் காட்டணும்னா நாலு பேரையும் மாத்தோணும். மாத்துனது ஒருத்தியை மட்டும். ஏன்? ஆப்சென்ட் போட்டா மதியம் வீட்டுக்கு என்ன போகும்?"

"எஸ்.எம்.எஸ்," என்றாள் நவ்யா.

"அது ராசாத்தாளுக்குப் போகக்கூடாதுன்னு யாரோ நெனச்சிருக்காங்க. இந்த வெயில்ல இடைவேளை விட்டா மொத்த வகுப்பும் தண்ணிக்குழாய்க்கு ஓடும். தண்ணி குடிக்காதவ ஒருத்திதான் உள்ளயே இருப்பா." இல்மாவின் உயரத்துக்குக் குனிந்தார். "நீ கெட்டது செய்யலேன்னு எனக்குத் தெரியும் கண்ணு. அவ எதுக்குப் பயந்து ஓடுனா? அதையும் நானே சொல்லட்டுமா? நாளைக்குக் கல்யாணம். சரியா?"

இல்மாவின் கையிலிருந்த பழம் நசுங்கியது.

"உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"புள்ளையத் தேடறதுக்கு வண்டி இப்பவே வேணும். அவ மாமன் நாளைக்கு விடியால வரச் சொல்றான். அவ கெடைச்சாலும் கெடைக்காட்டியும் கேன்சல் பண்ண மனசில்லாத வண்டி அது. கல்யாண வண்டியாத்தான் இருக்கோணும்."

அவ்வளவுதான். இல்மா நவ்யாவின் இடுப்பைக் கட்டிக்கொண்டு கதறினாள். "உங்களத் திட்டுவாங்கன்னு நெனக்கவே இல்ல டீச்சர்! சாயங்காலம் வரைக்கும் தெரியாம இருந்தாப் போதும்னா. கதிர் மாமாவக் கட்டிக்க மாட்டேன்னு சொன்னதுக்கு அவங்கம்மா அடிச்சுப்போட்டாங்க. யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்னு சத்தியம் பண்ணிட்டேன்..."

"இப்ப எங்க இருக்கா?"

"கோயமுத்தூர்ல. எங்க சித்திகா பெரியம்மா ஊட்டுக்குப் போகச் சொன்னேன். போய்ச் சேந்தாளான்னு தெரியல மேடம். பெரியம்மா போனே எடுக்க மாட்டேங்கறாங்க."

எல்லோரும் தலைமையாசிரியர் அறைக்குத் திரும்பினார்கள். கிணற்று மேட்டிலிருந்து ராசாத்தாளையும் வரவழைத்தார் இஸ்மத். கதிரின் முன்னால் போய் நின்றார்.

"பொண்ணுக்கு என்ன வயசு?"

"பதினஞ்சு."

"நாளைக்கு வண்டி எதுக்கு?"

கதிர் அக்காவைப் பார்த்தான். அக்கா தலையைக் குனிந்துகொண்டாள்.

"கல்யாணத்துக்குப் பயந்து ஓடியிருப்பான்னு, அவ வீடு திரும்பாதப்பவே உங்க ரெண்டு பேருக்கும் சந்தேகம். வெளிய சொன்னா மாட்டிக்குவீங்க. அதனால பழிய டீச்சர் மேல போட்டாச்சு. குழந்தைத் திருமண ஏற்பாடு குற்றம் கதிர். நீ ஸ்டேஷனுக்கு வரோணும்."

கதிர் வாசலைப் பார்த்தான். அங்கே இரண்டு காவலர்கள் நின்றிருந்தார்கள்.

"அப்பனில்லாத ஒத்தப் புள்ளைங்க," என்றாள் ராசாத்தாள், யாரையும் பார்க்காமல். "நா நைட் ஷிப்ட் போயிட்டா ஊட்டுல தனியாக் கெடக்குது. தம்பி கையில புடிச்சுக் குடுத்துட்டா நிம்மதின்னு நெனச்சுப்போட்டேன். அது உசுரோட இருக்குதான்னு மட்டும் சொல்லுங்க."

இஸ்மத் இல்மாவிடம் எண் வாங்கி, தன் கைபேசியை ஸ்பீக்கரில் போட்டுச் சித்திகாவை அழைத்தார். மணி அடித்து அடித்து நின்றது. மறுபடி அழைத்தார். மூன்றாவது அழைப்பில் எடுத்தார்கள்.

"பொண்ணு இங்கதானுங்க இருக்குது," என்றது பயந்த குரல். "போன எடுத்தா அவங்கூட்டு ஆளுங்க வந்துருவாங்கன்னு என்னைய எடுக்கவே உட மாட்டேங்குது. காலையில இருந்து ஒரு வாய் சாப்புடல."

ராசாத்தாள் கைபேசியைப் பிடுங்காத குறையாக வாங்கினாள். "கண்ணு... அம்மாடா."

மறுமுனையில் மூச்சு மட்டும் கேட்டது. பிறகு மெல்லிய குரல். "டீச்சர் இருந்தாக் குடு."

ராசாத்தாள் இரண்டு கைகளாலும் கைபேசியை நவ்யாவிடம் நீட்டினாள்.

"டீச்சர், என்னால உங்களுக்குப் பிரச்சினைங்களா?"

நவ்யா உதட்டைக் கடித்துக்கொண்டாள். "ஒண்ணுமில்லம்மா. நீ மொதல்ல சாப்பிடு. நான் இன்ஸ்பெக்டர் மேடம்கூட அங்க வாரேன். உன்னை இன்னிக்கு யாரும் ஊட்டுக்குக் கூட்டிட்டுப் போக மாட்டாங்க. கல்யாணமும் கெடையாது."

"நெசமாங்களா?"

"நெசமா."

ஜீப் கிளம்பியபோது ராசாத்தாள் பள்ளி வாசலில் நின்றிருந்தாள். இஸ்மத் கதவைத் திறந்து, "நீங்களும் வாங்க" என்றார்.

"வேண்டாமுங்க. என்னையப் பாத்தா இன்னும் எங்கியாச்சும் ஓடீரும்." சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டு நவ்யாவின் பக்கம் வந்தாள். மன்னிப்புக் கேட்கத்தான் வருகிறாள் என்று நவ்யா நினைத்தாள்.

"அதுக்கு வண்டியில போனாத் தலை சுத்துமுங்க டீச்சர்," என்றாள் ராசாத்தாள். "திரும்பக் கூட்டிட்டு வரப்ப முன்னாடி சீட்டுல உக்கார வெச்சுக்கோங்க."