நனையான் இல்லாத புத்தகங்கள்

முதல் புத்தகத்தில் நனையான் வரவில்லை. அடுத்ததில் வருவானாக இருக்கும் என்று அபர்ணா நினைத்தாள்.

'வௌவால் சங்கம்' என்ற சிறுவர் துப்பறியும் கதை வரிசையில் மொத்தம் எட்டுப் புத்தகங்கள். எழுத்துக் கூட்டத் தெரியாத வயதில் அண்ணன் விஜய்பாண்டிதான் அவளுக்கு எல்லாவற்றையும் வாசித்துக் காட்டினான். குற்றாலத்தில் சீசன் தொடங்கிவிட்டால் வீட்டின் முன்னறைகள் அருவிக்கு வருகிறவர்களுக்கு வாடகைக்குப் போய்விடும். பிள்ளைகளுக்கு மெத்தைகள் அடுக்கும் பின்னறைதான். ஈரப் பஞ்சின் வாடைக்கு நடுவே, அண்ணன் குரலில் நனையான் வருவான். எந்த மழையிலும் நனையாத பையன். துப்பறியும் பிள்ளைகளின் பாயில் வந்து படுத்துக்கொள்வான். அவளுக்கு அவன் என்றால் உயிர்.

இந்த முறை அவள் மகளோடு சீசனுக்கு வந்தபோது, அண்ணன் எட்டையும் பழைய புத்தகக் கடைகளில் தேடி வாங்கி, அதே அறையில் வைத்திருந்தான். "உம் மவளுக்கு வாசிச்சுக் காட்டுட்டி" என்று சொல்லிவிட்டு ஆலங்குளத்துக்கு டியூட்டிக்குப் போய்விட்டான். அண்ணி, மகன் அபியைக் கூட்டிக்கொண்டு சிவகிரியில் தன் அம்மா வீட்டுக்குப் போயிருந்தாள்.

எட்டையும் புரட்டிவிட்டாள். இல்லை. பக்கங்கள் போயிருக்குமோ? இந்த மாதிரிப் புத்தகத்தில் அதைக் கண்டுபிடிப்பது எளிது. தாள்களை ஒன்றுக்குள் ஒன்றாக மடித்து, நடு மடிப்பில் கம்பி அடித்திருப்பார்கள். முன்னால் ஒரு பக்கத்தைக் கிழித்தால், பின்னால் அதன் ஜோடி பிடிமானம் இல்லாமல் கழன்று வந்துவிடும். எதுவும் கழலவில்லை.

அப்படியென்றால் அண்ணனே கட்டிவிட்ட ஆள். சிரிப்பு வந்தது. மத்தியானம் ஸ்வாதிக்கு வாசித்தபோது அவளும் நனையானை இடையில் சேர்த்துவிட்டாள்.

"அவன் இங்க வருவானாம்மா?" என்று கேட்டாள் ஆறு வயது ஸ்வாதி.

"கூப்பிட்டா வருவான்."

விளக்கு வைக்கும் நேரத்தில் சாரல் அடர்ந்து, கரண்ட் போய், வாடகைக்கு இருந்தவர்கள் அருவிக்குப் போய்விட்டதால் வெறிச்சோடிய முன்னறைகளில் ஓட்டு விளிம்பின் சொட்டுச் சத்தம் மட்டும் நிறைந்திருக்க, ஸ்வாதி இருந்த பின்னறையிலிருந்து ஒரு பெருமூச்சு கேட்டது. மெத்தைதான். பஞ்சு காற்றின் ஈரத்தைக் குடித்துக் கனக்கும்; அடி மெத்தை அமுங்கும்; உள்ளே இருக்கும் காற்று மூச்சுப்போல வெளியேறும்.

மறுபடியும் கேட்டது. இந்த முறை காற்று வெளியேறவில்லை. உள்ளே இழுத்தது.

அபர்ணா அதைக் கவனிக்கவில்லை; அடுக்களையில் நின்று அண்ணனுக்குப் போன் போட்டாள்.

"அண்ணே, நனையான் புத்தகத்துல இல்லவே இல்லியே. பெரிய ஆளுதான் நீ. நல்லா கதை கட்டிருக்கே."



"நான் கட்டலட்டி" என்றான். "அவன் அங்கனதான் இருந்தான். சாரல் விழுந்தா எம் பாய்ல வந்து படுப்பான். பயப்படாத பிள்ளை கிடைச்சா என்னைய விட்டு அதுகிட்ட போயிருவான்னு தெரிஞ்சுது. உனக்குக் கதையாச் சொன்னேன். நீ சிரிச்சே. ஒருநாள் நீயே கூப்பிட்டே. அன்னைக்குத்தான் நான் உறங்குனேன்."

அந்தக் குரல், அந்த மடி, பக்கம் புரட்டிய விரல்கள். அவளுடைய பால்யத்தில் மிச்சமிருந்த இனிப்பெல்லாம் அதுதான்.

"எனக்கு ஒண்ணும் ஆவலியே?"

"நீ வளந்துட்டே. பெரியாளுக கண்ணுக்குத் தெரியமாட்டான்."

"இப்ப எதுக்கு இந்தப் புஸ்தகத்தைத் தேடி வாங்குனே?"

"அபி ஒரு மாசமா பாய்ல இடம் விட்டுப் படுக்கான்ட்டி. ராவெல்லாம் அழுதான். ஸ்வாதி தைரியமான பிள்ளைல்லா..."

"நீயெல்லாம் ஒரு அண்ணனாலே?"

போனை வைத்தாள். பின்னறைக்கு ஓடினாள்.

ஸ்வாதி பாயின் ஓரத்தில் படுத்திருந்தாள். நடுப்பாய் காலியாக இருந்தது.

"வந்துட்டான்மா."

தூக்கிக்கொண்டு ஓடலாம். கூடவே வந்துவிட்டால்? அபி சிவகிரிக்குப் போயும் அழுகிறானோ, யாருக்குத் தெரியும்? பயப்படாத பிள்ளை. அதுதான் அவனுக்கு வேண்டும். அப்படியானால் இவள் பயப்பட வேண்டும். இப்போதே.

அபர்ணா உட்கார்ந்தாள். குரலைத் தாழ்த்தினாள். நனையானுக்கு ஏன் கண்ணிமை இல்லை என்று சொன்னாள். மெத்தைகளுக்கு நடுவில் அவன் எதை ஒளித்து வைத்திருக்கிறான் என்று சொன்னாள். உறங்கும் பிள்ளையின் வாய்க்குள் எப்படிக் கை விடுவான் என்று காட்டினாள். ஸ்வாதியின் உதடு நடுங்கியது. நிறுத்தவில்லை. இன்னும் சொன்னாள். பற்களைக் காட்டிச் சொன்னாள்.

ஸ்வாதி அலறினாள்.

போதும். பயந்துவிட்டாள்.

"இல்லம்மா, இல்ல, வாடி தங்கம்." கைகளை நீட்டினாள்.

"கிட்ட வராத!"

ஸ்வாதி பின்னால் நகர்ந்தாள். கண்கள் அபர்ணாவின் முகத்தைவிட்டு அகலவில்லை. சுவர் வரை போனாள். அங்கே, தன் உயரத்துக்கு, ஒன்றுமில்லாத இடத்தை இரு கைகளாலும் கட்டிக்கொண்டாள். முகத்தை அதில் புதைத்தாள்.

"எனக்கு எங்கம்மாவைப் பாத்தாதான் பயமா இருக்கு" என்று அதனிடம் சொன்னாள்.

அவள் நெற்றியில் விழுந்திருந்த முடி மெல்ல விலகியது. காதுக்குப் பின்னால் போய் ஒதுங்கியது. மறுபடியும், இன்னொரு கற்றை.