ஆறாவது கோலம்

உமையாளின் படத்தை வயிற்றில் ஒட்டிக்கொண்டு ஒரு தட்டான் தூத்துக்குடிக் கூரைகளுக்கு மேலே எழும்பிப் போயிற்று. பெனடிக்டா ஜன்னல் திரையை இழுத்துவிட்டாள். ஆனால் அது மறைக்கக்கூடிய சங்கதியா? காலையில் பிடித்த சீலா மீன் மதியத்துக்குள் பெங்களூரில் குழம்பாகிறது. கொழும்பில் வேலை பார்ப்பவர்கள் சாப்பாட்டுக்கு வீட்டுக்கு வந்து போகிறார்கள். எல்லாம் தட்டான் என்று பேர் வாங்கிய அந்தக் குட்டி விமானங்களின் புண்ணியம்.

தட்டானின் உயிர் அதன் எந்திரத்துக்குள் சுழலும் மெல்லிய இதழ்களில் இருந்தது. உள்ளே பாயும் காற்று சீராக வருவதில்லை. துடிக்கும், திணறும், சில சமயம் பின்னுக்கே தள்ளும். அந்தத் துடிப்பில் இதழ் நடுங்கி ஒடிந்துவிடும். காற்று அடுத்து என்ன செய்யும் என்று முன்கூட்டியே தெரிந்தால் எந்திரம் தன் வாசலைக் கொஞ்சம் திருப்பித் தப்பித்துக்கொள்ளலாம். பெனடிக்டா எழுதிய முழுக்கணிப்பு என்ற நிரல் அதைக் கடுகளவும் விடாமல் சொல்லும். ஆனால் ஒரு நொடிக் காற்றைக் கணக்கிட, அறை நிறையக் கணினிகள் வாரக்கணக்கில் ஓட வேண்டும்.

கல்லூரி நாளிலிருந்து பக்கத்து நாற்காலிக்காரியான உமையாள் அந்த முடிவுகளை வாங்கிப் பார்த்தாள். காற்று எத்தனை ஆட்டம் போட்டாலும் ஐந்தே அசைவுக் கோலங்களைத்தான் மாற்றி மாற்றிக் கலக்கிறது என்று கண்டுகொண்டாள். மற்றதைத் தூக்கிப் போட்டாள். மிஞ்சிய சுருக்கக்கணிப்பு நகத்தளவு கணினிச் சில்லுக்குள் அடங்கியது. காற்றையே முந்திக்கொண்டு ஓடியது.

வருஷக்கணக்கில் உழைத்தது பெனடிக்டா, பேர் வாங்கியது உமையாள். போதாக்குறைக்கு உமையாள் ஏறிய மேடையிலெல்லாம், "பெனடிக்டா இல்லேன்னா இது இல்ல" என்று நன்றி வேறு சொன்னாள். திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருக்கலாம்.

அதனால்தான் பெனடிக்டா குறை தேடினாள். உமையாள் தூக்கிப் போட்ட கோலங்களை ஒவ்வொன்றாக எடுத்துக் கிளறினாள். கடைசியில் உப்பு கைகொடுத்தது. உப்பளக் காற்றில் பறக்கும் தட்டானின் இதழ்களில் உப்பு படியும், ஒன்றில் கூடுதலாக, ஒன்றில் குறைவாக. இதழ்கள் எல்லாம் ஒன்றுபோல இருக்கும்வரை, உமையாள் விட்டதில் முதலாவதான ஆறாவது கோலம் பொருட்டே இல்லை. உப்பால் அவை வேறுபட்டதும் அது தன் பலம் முழுவதையும் ஒரே இதழின் தலையில் கொட்டும். அந்த இதழ் ஒடியும்.

முதலில் அவளுக்குப் பயம் வரவில்லை. சந்தோஷம் வந்தது. தித்திப்பாக, தொண்டைவரை வந்தது. அப்புறம்தான் தட்டானுக்குள் மனிதர்கள் இருப்பது உறைத்தது. மறுநாள் கொழும்புக்குப் புதிய பெரிய தட்டானின் முதல் பயணம். குட்டிகளில் வருஷக்கணக்கில் நடப்பது அதன் நீண்ட இதழ்களில் ஒரே பயணத்தில் நடந்துவிடும். முதல் இருக்கையில் உமையாள்.

நிர்வாகி சடகோபன் அவள் சொன்னதைப் பொறுமையாகக் கேட்டார். பிறகு தன் திரையை அவள் பக்கம் திருப்பினார். உமையாளின் முறையை இப்போது ஆட்களுக்கும் பொருத்தியிருந்தார்கள். பேச்சு, எழுத்து, நடை எல்லாவற்றையும் கவனித்து ஒவ்வொருவரையும் ஐந்து குணங்களாகச் சுருக்கிவிடும் ஆட்கணிப்பு. பெனடிக்டாவின் முதல் குணமாக அது பொறாமையைக் காட்டியது. அவள் கொண்டுவந்த அறிக்கையும் அதிலிருந்து பிறந்ததுதான் என்று சிவப்பில் எழுதியிருந்தது.

"அது சரிதான் சார், பொறாமைதான். இதழ் ஒடியுமா ஒடியாதான்னு மட்டும் பாருங்க."

"ரெண்டு நாள் லீவு போட்டு ரெஸ்ட் எடுங்கம்மா."

மறுநாள் காலை பறப்புத்தளத்தில் பட்டுப்புடவையும் மாலையுமாக நின்ற உமையாளின் கையைப் பெனடிக்டா பிடித்து இழுத்தாள். விஷயத்தைக் கொட்டினாள்.

உமையாளின் முகம் சிறுத்தது. "உனக்கு என்மேல பொறாமையாடி?"

"ஆமாடி. வயிறு எரியுது. எரிஞ்சதுனாலதான் தேடுனேன். இதுல ஏறாத."

உமையாள் மாலையைக் கழற்றினாள். "இத்தன வருஷத்துல என்னைப் பாராட்டுன ஒருத்தரும் இதச் சோதிச்சுப் பாக்கல" என்றாள். பயணம் நின்றது. சோதனைக்கூடத்தில் எந்திரத்தின் மேல் உப்புநீரைத் தெளித்து ஓட்டினார்கள். சற்று நேரத்தில் ஓர் இதழ் ஒடிந்து, இரும்பு உறையைக் கிழித்துச் சுவரில் போய்க் குத்தி நின்றது.

தட்டான்கள் எல்லாம் தரையில் கிடந்தன. மீன் பழையபடி லாரியில் போனது. சில்லில் ஆறாவது கோலம் ஏறிய பிறகே பறக்கவிட்டார்கள்.

நிர்வாகம் இதிலிருந்து ஒரு பாடம் கற்றுக்கொண்டது. அன்புள்ளவர் கண்ணுக்குக் குறை படாது. ஆகவே இனி ஒவ்வொரு கண்டுபிடிப்பாளருக்கும், அவர்மேல் மிக அதிகப் பொறாமை கொண்டவரை ஆட்கணிப்பே தேர்ந்து குறை தேடும் சோதகராகப் போடும். உப்பு ஒட்டாத இதழைச் செய்யும் பொறுப்பு பெனடிக்டாவுக்கு வந்தது. அவளுக்கு வாய்த்த சோதகர் உமையாள்.

"என்மேலயா? உனக்கா?" என்றாள் பெனடிக்டா, நம்ப முடியாமல்.

"நீ காத்த முழுசாப் பாத்தவ. நான் வடிகட்டினதத்தான் பாத்தேன்" என்று உமையாள் தரையைப் பார்த்துச் சொன்னாள். "அது என்னைக்கும் உறுத்திட்டுத்தான் இருந்துச்சு."

பெனடிக்டாவுக்கு மனசு லேசாகிவிட்டது. இருவரும் வாய்விட்டுச் சிரித்தார்கள். நெடுநாளைக்குப் பிறகு ஒன்றாக உட்கார்ந்து நண்டுக்குழம்பு சாப்பிட்டார்கள். தினமும் சாப்பிட்டார்கள். உமையாள் இதழில் குறை கண்டுபிடிப்பது குறைந்துகொண்டே வந்தது.

சடகோபன் இருவரையும் கூப்பிட்டார். "ரெண்டு பேருக்கும் பொறாமை ரொம்ப இறங்கிருச்சு. இப்படியே போனா வேற சோதகரத்தான் போடணும். உமையாளைக் கோயம்புத்தூருக்கு மாத்த வேண்டி வரும்."

மறுநாள் பெனடிக்டா சோதனைக்கூடத்துக்குள் நுழைந்தபோது, எல்லோர் காதிலும் விழும்படி உமையாளின் குரல் கேட்டது. "இவளுக்கென்ன! நான் போட்டுக் குடுத்த பாதையில நடந்துக்கிட்டே பேரு வாங்கிட்டா."

பெனடிக்டாவுக்குச் சுருக்கென்றது. பக்கத்தில் வந்து உட்கார்ந்து, "நல்லா நடிக்கிறியே" என்று மெல்லச் சொன்னாள்.

உமையாள் அவள் பக்கம் திரும்பாமலே இதழைக் கையில் எடுத்துக் குறை தேட ஆரம்பித்தாள். சுவரில் இருந்த ஆட்கணிப்புத் திரையில் இருவருடைய பொறாமை அளவும் ஏறிக்கொண்டிருந்தது.