சார்ஜன்ட் ஷியாம் சேர்த்த கடைசி ஆள்

கொம்பியூட்டர் மணி அடித்தது.

மார்ஜரியின் கையிலிருந்த தூசி தட்டும் துணி கீழே விழுந்தது.

மகன் ஷியாமை அடக்கம் செய்த பிறகு அந்த அறையை யாரும் திறக்கவில்லை. அன்று காலை நினைவுப் பூசை முடிந்து வந்து அவள்தான் திறந்தாள். மேசையைத் துடைத்தாள். துடைத்த கை ஏதோ பொத்தானில் பட்டிருக்க வேண்டும். திரை வெளிச்சமானது. அடுத்த நிமிடமே யாரோ அழைத்தார்கள்.

இறந்தவனை... யார் அழைப்பது?

ஷியாம் செய்வது போலவே ஹெட்செட்டைத் தலையில் மாட்டிக்கொண்டு பச்சைப் பொத்தானை அழுத்தினாள்.

"சார்ஜன்ட்...? நீங்களா?"

ஒரு பெண்ணின் குரல்.

"நான் அவன் அம்மா பேசுறேன்."

அந்தப் பக்கம் ஒருத்தி மட்டும் இல்லை என்று மார்ஜரிக்குப் புரிந்தது. நிறையப் பேர் மூச்சு விடுவது கேட்டது.

"மன்னிச்சிக்கங்க ஆன்ட்டி. சார்ஜன்ட்ட பேருக்குப் பக்கத்துல பச்ச லைட் பத்திச்சி. நாங்க எல்லாரும் பயந்திட்டோம்."

"யாரும்மா நீங்கல்லாம்?"

"அவரு சேர்த்த ஆளுங்க."

*

ஷியாமின் உடலை சுது கங்கை ஆற்றில் எடுத்தார்கள்.

குளிக்கப் போய் வழுக்கி விழுந்திருக்கிறான் என்றது பொலிஸ். குளிக்கப் போகிறவன் சப்பாத்து போட்டுக்கொண்டா போவான் என்று மார்ஜரி கேட்டாள். இன்ஸ்பெக்டர் ஜெயக்காந்தன் பேனா மூடியைத் திருகிக்கொண்டே, இப்போதைய பிள்ளைகள் எதையும் செய்வார்கள் என்றார். அவனுடைய போன் எங்கே என்றாள். ஆறு கொண்டு போயிருக்கும் என்றார்.

ஆற்றின் மேல் பழி போட்டால் ஆறு ஸ்டேஷனுக்கு வந்து மறுக்கவா போகிறது?

அன்று பின்னேரம் அவன் வாசலில் நின்று சப்பாத்துக் கயிறு கட்டியபடி சொன்னது அவள் காதிலேயே நின்றது.

"ஒரு ஆளப் பாத்துப் பேசிட்டு வந்துடறேன்மா. சோத்த மூடி வைங்க."

மூடி வைத்தாள். அடக்கம் முடிந்த பிறகு பக்கத்து வீட்டுக்காரிதான் அந்தச் சட்டியைக் கழுவினாள்.

யார் அந்த ஆள்?

மார்ஜரிக்கு இனி உலகத்தில் தெரிந்துகொள்ள வேண்டியது அது ஒன்றுதான்.

*

மறுநாள் அந்தக் குரல் உக்குவளையிலிருந்து பஸ் ஏறி நேரிலேயே வந்தது. பஹ்மிதா. மருந்துக் கடையில் வேலை. ஒல்லியான உடம்பு, பெரிய கண்ணாடி. ஷியாம் கொம்பியூட்டரில் ஆடிய போர் விளையாட்டில் அவள் காப்ரல்.

திரையைக் காட்டி அவள் விளக்கினாள். இருநூறு வருடத்துக்கு முந்திய போர். சிவப்புக் கோட்டுக் காலாட்படை. ஒவ்வொரு சிப்பாய்க்குப் பின்னாலும் எங்கோ ஒரு வீட்டில் ஒரு ஆள் உட்கார்ந்திருக்கிறார். தனியாக ஓடினால் செத்துப் போவாய். தோளோடு தோள் வரிசையில் நின்று, கட்டளை வந்ததும் ஒன்றாகச் சுட வேண்டும். ரெஜிமென்ட் என்று அவர்கள் சொல்லும் அந்த வரிசைக்கு ஆள் பிடிப்பதுதான் ஷியாமின் வேலை. மாத்தளையிலும் உக்குவளையிலும் பல்லேகமவிலும் பொழுது போகாமல் சந்தியில் நின்ற பையன்களை ஒவ்வொருவராகப் பேசிப் பேசிச் சேர்த்தானாம்.

"சேரும்போது சத்தியம் எடுக்கணும் ஆன்ட்டி. டைப் பண்ண ஏலா. வாயால செல்லணும். வரிசைய உட்டு ஓட மாட்டேன்னு. சார்ஜன்ட் மட்டும்தான் கேப்பாரு."

பிறகு குரலைத் தாழ்த்தினாள். கடைசியாகச் சேர்ந்தவன் விளையாட்டில் வைத்துக்கொண்ட பெயர் கிரே. சத்தியத்துக்குப் பிறகு அவன் ஒரு நாளும் மைக்கைத் திறந்ததில்லை. டைப் பண்ணுவதோடு சரி. ஆனால் வரிசையில் நின்ற பையன்களுக்குத் தனித்தனியாகச் செய்தி அனுப்பிக்கொண்டிருந்தான். சும்மா ஒரு பார்சலைத் தம்புள்ளையில் வாங்கி மாத்தளையில் கொடுத்தால் போதும் என்று.

"என்ன பார்சல்?"

"ஐஸ்."

மார்ஜரிக்கு விளங்கியது. குளிர்சாதனப் பெட்டியில் வைக்கிற ஐஸ் இல்லை, போதைப்பொருள்.

மகன் ஆள் சேர்த்தான். அவன் சேர்த்த வரிசையிலிருந்து இன்னொருவன் ஆள் எடுத்தான்.

"ஷியாமுக்குத் தெரியுமா?"

"ஒரு பையன் அழுதுக்கிட்டே வந்து செல்லிட்டான். பொலிசுக்குப் போவோம்னேன். சார்ஜன்ட் கேக்கல. அந்தக் குரல் அவருக்குத் தெரிஞ்ச குரலாம். அம்மாக்கு வேண்டிய ஆளு, நேர்ல பேசினா உட்டுருவாருன்னு சென்னாரு..."

பஹ்மிதா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள்.

அம்மாவுக்கு வேண்டிய ஆள்.

சவப்பெட்டி தூக்கியவர்கள், குழியில் மண் போட்டவர்கள், அவள் தோளைத் தட்டி ஆறுதல் சொன்னவர்கள். மார்ஜரி ஒவ்வொரு முகமாக நினைத்துப் பார்த்தாள். எந்த முகமும் பிடி கொடுக்கவில்லை.

"அந்தக் கிரே இப்பவும் வாறானா?"

"தவறாம. வராட்டி சந்தேகம் வருமே."

"சரி. எனக்கு இந்த விளையாட்டப் பழக்கு."

"ஆன்ட்டி...?"

"அவன் கதிரை காலியாத்தானே இருக்கு."

*

மார்ஜரி சார்ஜன்ட் ஆனாள்.

முதல் நாள் சிப்பாயை மரத்தில் முட்ட வைத்தாள். இரண்டாம் முறை ஒருவனைக் குறி பார்த்தபோது ஒரு பையன் பணிவாகச் சொன்னான்: "அம்மா, அது நம்ம ஆளு. பின்னேரம் ட்யூஷன் இருக்குது, உயிரோட விடுங்க." வரிசை முழுவதும் சிரித்தது. மார்ஜரியும் சிரித்தாள். சிரித்தது தெரிந்ததும் ஹெட்செட்டைக் கழற்றி வைத்துவிட்டு அழுதாள்.

ஞாயிறு பின்னேரம் நினைவு அணிவகுப்பு. உண்மையிலேயே ஒருவர் இறந்தால் ரெஜிமென்ட்டில் அதுதான் வழக்கம். துப்பாக்கியைத் தலைகீழாகப் பிடித்தபடி எல்லாரும் நின்றார்கள். பையன்கள் ஒவ்வொருவராகப் பேசினார்கள். ஒருவனுக்கு ஷியாம் கணக்குச் சொல்லிக் கொடுத்தானாம். இன்னொருவனுக்கு வேலைக்கு விண்ணப்பம் எழுதிக் கொடுத்தானாம். பல்லேகமப் பையனுக்குப் பேச்சு வரவில்லை. மூக்கை உறிஞ்சும் சத்தம் மட்டும் வந்தது.

இடது ஓரத்தில் நின்ற கிரே டைப் செய்தான்.

'ஆழ்ந்த அனுதாபங்கள்.'

மார்ஜரி மைக்கை வாயருகே இழுத்தாள்.

"பிள்ளைங்களா, ஒரு விஷயம். நீங்க எல்லாரும் சேரும்போது சொன்ன சத்தியம் இந்தக் கொம்பியூட்டர்ல பதிவாகி இருக்கு. கடைசியாச் சேர்ந்த கிரே சொன்னதும் இருக்கு. எனக்குப் போட்டுப் பாக்கத் தெரியல. புதன்கிழமை பொலிசுல குடுக்கப் போறேன்."

கிரேயின் சிப்பாய் அசையாமல் நின்றான்.

பிறகு... மறைந்தான்.

*

திங்கட்கிழமை கதவு தட்டப்பட்டது.

ஜீவராஜ். டவுனில் கொம்பியூட்டர் கடை வைத்திருப்பவன். ஷியாமுக்கு அந்தப் பெட்டியைப் பொருத்திக் கொடுத்தவனே அவன்தான். பெட்டியை ஒரு தடவை பார்க்கலாமா அக்கா என்று கேட்டான்.

மார்ஜரி வழியை விட்டு அவனையே பார்த்தாள். நீயா?

ஜீவராஜ் அறைக்குள் போனான். மேசையைத் தொட்டான். கதிரையில் உட்கார்ந்து, முகத்தை மூடிக்கொண்டு தேம்பித் தேம்பி அழுதான். போகும்போது ஒரு வயர் பிய்ந்திருக்கிறது, வேறு கொண்டு வருகிறேன் என்று மட்டும் சொன்னான்.

செவ்வாய் காலை மறுபடியும் கதவு.

ஒஸ்வல்ட். செத்துப்போன புருஷனின் தம்பி. தம்புள்ளைக்கு மரக்கறி லொறி ஓட்டுகிறவன். மாதா கோவிலில் முன்வரிசை ஆள். ஷியாமின் சவப்பெட்டியை முன்பக்கம் தூக்கியவன். கையில் பேக்கரியில் வாங்கிய பணிஸ் பை.

"சாப்பிட்டீங்களா அண்ணி?"

"இனித்தான். உக்காரு தம்பி."

உட்காரவில்லை. திறந்திருந்த அறைக்குள் எட்டிப் பார்த்தான்.

"இந்தப் பெட்டிய இன்னும் வச்சிருக்கீங்களே. பாக்கப் பாக்க மனசுக்குக் கஷ்டம். லொறியில ஏத்திட்டுப் போறேன். யாருக்காவது குடுத்துடலாம்."

"இருக்கட்டுமே."

"எதுக்கு? ராவும் பகலும் அவன் குரலக் கேட்டு அழுறதுக்கா?"

மார்ஜரி கோப்பையில் தேத்தண்ணி ஊற்றினாள்.

"அதுல அவன் குரல் இருக்குன்னு யார் சொன்னா?"

"நீங்கதானே. சத்தியம் எல்லாம் பதிவாகி..."

நின்றுவிட்டான்.

"நான் யார்கிட்ட சொன்னேன், தம்பி?"

ஒஸ்வல்ட் கதவுப் பக்கம் பார்த்தான்.

"கோவில்ல சொல்லல. கடையில சொல்லல. உங்கிட்டயும் சொல்லல. ஞாயித்துக்கிழம வரிசையில நின்ன சிப்பாய்ங்ககிட்ட மட்டும்தான் சொன்னேன்."

ஒஸ்வல்ட் பணிஸ் பையை மேசையில் வைத்தான். மெதுவாக அறைக்குள் போய் ஷியாமின் கட்டிலில் உட்கார்ந்தான்.

"கையப் பிடிச்சு அழுதான் அண்ணி. பையன்கள விட்டுருங்க சித்தப்பான்னு. அம்மாக்குச் சொல்ல மாட்டேன்னு. நான் கைய உதறினேன். அவ்வளவுதான். கல்லு வழுக்கல்."

"அவனுக்கு நீந்தத் தெரியாது."

"தெரியும்."

"கூப்பிட்டானா?"

"...ரெண்டு தடவை."

"நீ?"

"போனை எடுத்துக்கிட்டு வந்துட்டேன்."

மார்ஜரி தெரிந்துகொள்ள நினைத்தது அவ்வளவுதான். தெரிந்துவிட்டது. அதை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்றுதான் தெரியவில்லை.

ஒஸ்வல்ட் எழுந்தான். குரல் மாறியிருந்தது.

"பதிவ எடுங்க அண்ணி."

"எந்தப் பதிவு?"

"சத்தியம்."

"அப்படி ஒண்ணு இல்ல தம்பி. அவன் யாருடைய சத்தியத்தையும் பதிவு பண்ணதில்ல. வாய்ச்சொல்லே போதும்னு நம்பினான்."

ஒஸ்வல்ட் அவளை வெறித்தான். பிறகு சிரித்தான். நிம்மதிச் சிரிப்பு.

"அப்ப ஒண்ணுமே இல்ல. உங்க வார்த்த ஒண்ணு, என் வார்த்த ஒண்ணு. பிள்ளையப் பறிகொடுத்தவ பேச்ச யார் எடுப்பா?"

மார்ஜரி கொம்பியூட்டர் மேசை மேலிருந்த துணியை விலக்கினாள்.

அடியில் ஹெட்செட். அதன் மைக் திறந்திருந்தது.

திரையைத் தட்டினாள். சிவப்புக் கோட்டு வரிசை தோளோடு தோள் நின்றது. இடது ஓரம் மட்டும் காலி.

"ஞாயித்துக்கிழமயில இருந்து மாறி மாறிக் காவல் நிக்கிறோம் ஆன்ட்டி," என்றது ஸ்பீக்கரில் பஹ்மிதாவின் குரல். அழுதுகொண்டிருந்தாள். "ஆம்புளக் குரல் கேட்டதும் எல்லாரையும் எழுப்பியாச்சி. முந்தி எங்களுக்குப் பதிவு பண்ற பழக்கம் இல்லதான்... இன்டைக்கி பழகிட்டோம்."

ஒஸ்வல்ட் பாய்ந்து வயரைப் பிடுங்கினான். திரை இருண்டது. இருண்ட திரையில் தன் முகத்தைப் பார்த்தான். மறுபடி கட்டிலில் போய் உட்கார்ந்தான். வாசல் திறந்துதான் இருந்தது. ஓடவில்லை.

பஹ்மிதா சொல்லி, இன்ஸ்பெக்டர் ஜெயக்காந்தன் ஜீப்பில் வந்து இறங்கினார். ஒஸ்வல்ட்டையும் மார்ஜரியையும் மாறி மாறிப் பார்த்தார். பேனா மூடியைத் திருகினார்.

"இவரு சொன்னதக் காதால கேட்ட சாட்சி யாராவது இருக்காங்களாம்மா?"

மார்ஜரி கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"ஒரு ரெஜிமென்ட்டே இருக்கு, சேர். ஒரே ஒரு சார்ஜன்ட்தான் குறையுது."