மேகம் மறைத்த சிலுவை

செப்டம்பர் மாதம், காலை ஏழரை மணி. வெயில் தரையை ஒட்டிச் சாய்ந்து விழுந்தது.

ஓடிப்போன ஆட்டைத் தேடி நெஸ்ஸா பழைய கல்லறைத் தோட்டத்துக்கு வந்தாள். வட்டமான மண்கரை. உள்ளே முள்புதரும் பெரணிச் செடிகளும். அவற்றுக்கு நடுவே முழங்கால் உயரக் கற்கள்.

ஆயிரம் வருடங்களுக்கு முன்பு கிறிஸ்தவத் துறவிகள் இங்கே கல் குடிசைகள் கட்டி வாழ்ந்தார்கள். இங்கேயே புதைக்கப்பட்டார்கள். அதன் பிறகு யாரும் களை எடுக்கவில்லை போலிருந்தது.

கரைக்கு வெளியே கிடந்த ஒரு கல்லின் அருகே ஆடு நின்றது. நெஸ்ஸாவும் நின்றுவிட்டாள். சாய்ந்த வெயிலில் கல்லின் மேல் செதுக்கிய ஒரு வட்டம் தெரிந்தது. வட்டத்துக்குள் சிலுவை.

வீட்டுக்கு வந்ததும் அதைச் சொல்ல வாயெடுத்தாள். அதற்குள் அப்பா வாசல் கதவைக் காட்டினார். நேற்று அவள் அடித்த பச்சை வண்ணம் கோணலாக வழிந்திருந்தது.

"கை என்ன, தவளை மாதிரி துள்ளுச்சா?"

நெஸ்ஸா சிலுவையைப் பற்றிச் சொல்லாமலே ஆட்டைக் கட்டப் போனாள்.

பத்து மணிக்கு அப்பா கடப்பாரையோடு கிளம்பினார். நெஸ்ஸாவும் அண்ணன் டெக்லனும் பின்னால் போனார்கள். ஆடு புகுந்து ஓடும் சுவர் உடைப்பை அடைக்கக் கல் வேண்டும். அந்தக் கல்லின் அருகே போய் நின்றார்.

"அப்பா, அது துறவிகளோட கல்லு. அதுல சிலுவை இருக்கு."

வானத்தை மேகம் மூடியிருந்தது. அப்பா குனிந்து தடவிப் பார்த்தார். காய்ப்பு ஏறிய விரல்களுக்குப் பாசிதான் பட்டது. கல்லறைக் கல்லை நம் குடும்பத்தில் யாரும் தொட்டதில்லை, இது வெளியே கிடக்கும் வெறும் கல் என்றார்.

"எனக்கு அதுல ஒரு மாடு தெரியுது" என்றான் டெக்லன்.

கடப்பாரை கல்லுக்கு அடியில் நுழைந்தது.

காலையில் வெயில் பக்கவாட்டில் விழுந்தது நெஸ்ஸாவுக்கு நினைவு வந்தது. "ஒரு நிமிஷம் நில்லுங்கப்பா!" என்று கத்திவிட்டு வீட்டுக்கு ஓடி சைக்கிள் விளக்கை எடுத்து வந்தாள். தன் கோட்டைக் கழற்றிக் கல்லின் மேல் கூடாரம்போல் பிடித்தாள்.

"தலைய உள்ள விடுங்கப்பா. நீயும்தான், டெக்லன்."

இருட்டில் மூன்று தலைகள் முட்டிக்கொண்டன. அவள் விளக்கைக் கல்லின் ஓரத்தில் படுக்க வைத்தாள்.

முதலில் வட்டம் எழுந்தது. பிறகு சிலுவை, கோடு கோடாக.

டெக்லன் மாட்டை மறந்து இன்னும் கிட்டக் குனிந்தான். அப்பா தொப்பியைக் கழற்றினார். வேறு கல் ஓடையில் கிடைக்கும் என்று மெதுவாகச் சொன்னார்.

சிலுவையின் ஒரு கை மட்டும் கோணலாக இருந்தது. உளி வழுக்கி வட்டத்தைத் தாண்டியிருந்தது. பக்கத்திலேயே மறுபடியும் நேராகச் செதுக்கியிருந்தார்கள். நெஸ்ஸா அந்தக் கோணல் கோட்டின் மேல் விரலை வைத்தாள்.

"அப்பா, கை வழுக்கினப்ப இதச் செதுக்கினவர யாராவது திட்டியிருப்பாங்களா?"