நனையாத கூந்தல்

மழை சொல்லிக்கொண்டு வரவில்லை.

லவீனியா காலையில்தான் தன் சுருட்டை முடியை நீவி நேராக்கிவிட்டு வந்திருந்தாள். சூடான சீப்பு காதோரம் சுட்டதையும் பொறுத்துக்கொண்டு நாற்காலியில் நெடுநேரம் உட்கார்ந்ததன் பலன், தோள் வரை வழுவழுவென்று விழுந்து கிடந்தது. மாலையில் சித்தி மகள் கல்யாணம். மணமக்களைப் படமெடுக்க இடம் பார்க்கக் கடற்கரைக்கு வந்தது தப்பு...

கண்ணுக்கெட்டிய தூரம் வரை ஒரே ஒரு குடை. அதன் கீழே காகிதங்கள் மட்டும். காகிதங்களின் சொந்தக்காரன் வெளியே நின்று நனைந்துகொண்டிருந்தான்.

"காகிதத்துக்குக் குடை பிடிக்கிற ஆளை இப்பத்தான் பாக்கறேன்..." குடைக்குள் தலையை நுழைத்தாள்.

"ஏங்க... ஏங்க... அது என் படம்!"

"இது என் முடி. படத்தைத் திரும்ப வரையலாம். இதை ஆறு மணிக்குள்ள திரும்ப நீவ முடியாது."

அவன் சிரித்துவிட்டான். இமைகளில் துளிகள் தொங்கின. நல்ல கண்கள்... 'கண்ணைப் பார்க்காதே, குடையைப் பார்' என்று தன்னையே அதட்டிக்கொண்டாள்.

அவன் பெயர் டேரியஸ். சின்ன அனிமேஷன் படம் ஒன்று செய்கிறான், எல்லாம் கையாலேயே வரைந்து.

"இதே கடற்கரைதான். எங்க வெர்லீன் அத்தை சின்னப் பொண்ணா இருந்தப்போ. அத்தை சொன்னதையெல்லாம் பதிவு பண்ணி வெச்சேன். போன குளிர்காலத்துல போய்ட்டாங்க. அடுத்த மாசம் சர்ச் மண்டபத்துல காட்டறேன். அந்தக் காலத்துல இங்க வந்த அத்தனை பேரும் வருவாங்க."

லவீனியா குனிந்து பார்த்தாள். கோடு போட்ட குடைகள், பொரித்த மீன், பாட்டு மேடை, ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம். மணலில் ஆரம்பித்துக் கடலுக்குள் நீளும் ஒரு தடித்த கயிறு. இந்தப் பக்கம் வெர்லீனைப் போன்ற கறுப்பர்கள், அந்தப் பக்கம் வெள்ளையர்கள். கடலையே பிரித்திருந்தார்கள். கடைசிப் படத்தில் வெர்லீன் தண்ணீருக்குள் முங்கிக் கயிற்றின் அடியில் நீந்திப் போகிறாள். அவிழ்ந்த கூந்தல் கடல்பாசியாக விரிந்து...

லவீனியாவுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது.

"என்ன சிரிப்பு?"

"ஞாயித்துக்கிழமை, அதுவும் அந்தக் காலத்துல, எந்தப் பொண்ணு தலையை முக்குவா? சனிக்கிழமை பூரா உக்காந்து நீவின முடி! கழுத்து வரைக்கும்தான் இறங்குவாங்க. உங்க வீட்ல பொம்பளைங்களே இல்லையா?"

"இது கற்பனைங்க. படத்தோட உயிரே இந்த இடம்தான்."

"அப்போ உங்க அத்தைன்னு சொல்லாதீங்க."

அவன் முகம் சுருங்கியது. "நீங்க என்ன வேலை பாக்கறீங்க?"

"பல் டாக்டர்."

"அப்போ பல்லைப் பாருங்க... படத்தை நான் பாத்துக்கறேன்."

லவீனியா நிமிர்ந்தாள். மழை கொட்டிக்கொண்டிருந்தது. குடையை விட்டு வெளியே வந்து, ஓடாமல், நிதானமாக நடந்தாள். பின்னால் அவன் ஏதோ கத்தினான். அவள் திரும்பவில்லை.

கல்யாணத்தில் சித்தி வாயைப் பிளந்தாள். "என்னடி இது... கடல்ல விழுந்துட்டியா?"

"இல்ல சித்தி, வாய்ச்சண்டைல விழுந்தேன்."

அன்று டேரியஸ் வரையவில்லை. கொட்டும் மழையில், அந்த முடியோடு, அவள் அப்படி நடந்து போனது கண்ணிலேயே நின்றது. அத்தையின் குரலை எடுத்துப் போட்டான். எத்தனையோ முறை கேட்ட குரல்தான்...

"கயித்துக்கு அந்தப் பக்கம் போய்ட்டு வந்தேன்டா. அங்கயும் தண்ணி உப்புதான்! வீட்டுக்கு வந்ததும் எங்கம்மா என் தலையையே உத்துப் பாத்தாங்க. ஒண்ணும் சொல்லல."

பாசத்தில் பார்த்ததாகத்தான் இதுவரை நினைத்திருந்தான். பாசமில்லை... சோதனை! முடி காய்ந்திருக்கிறதா என்ற சோதனை. முங்கியிருந்தால் முடி சுருண்டு காட்டிக்கொடுத்திருக்கும். முங்காமல் எப்படிப் போனாள்?

ஒரே வழிதான். கயிற்றைக் கையால் தலைக்கு மேலே தூக்கியிருக்கிறாள்.

ஊரில் பல் டாக்டர்கள் இரண்டே பேர். ஒருவருக்கு மீசை இருந்தது.

"எந்தப் பல்லு வலிக்குது?" லவீனியாவின் குரலில் ஐஸ்கட்டி.

"எல்லாமே..."

"வாயைத் திறங்க. எல்லாம் நல்லாத்தான் இருக்கு. நாக்குலதான் கோளாறு."

"ஆ... ஆ..."

கருவியை வெளியே எடுத்தாள். "என்ன?"

"மன்னிச்சிருங்கன்னு சொன்னேன். நீங்க சொன்னதுதான் சரி, டாக்டரம்மா. கடைசிக் காட்சி முழுசையும் கிழிச்சுட்டேன். தூக்கம் முழிச்சாத்தான் முடியும்... வரைஞ்சுருவேன். நீங்க வந்து பாக்கணும்."

"அடுத்த ஆளை வரச் சொல்லுங்க" என்றாள் அவள். ஆனால் படம் காட்டிய அன்று சர்ச் மண்டபத்துக்குப் போனாள். நீவிய முடி கலையாமல் தலையில் பட்டுத்துணி கட்டிக்கொண்டு, கடைசி வரிசையில்.

திரையில் வெர்லீன் கழுத்தளவு தண்ணீரில் நின்றாள். இரண்டு கைகளாலும் கயிற்றைப் பிடித்து மெல்ல உயர்த்தினாள். கயிறு அவள் தலைக்கு மேலே போனது, ஒரு முடிகூட நனையாமல். மண்டபத்தில் பெண்கள் பக்கம் ஒரு சிரிப்பு வெடித்தது. "அதானே... தலையை நனைப்பாளா!" என்று ஒருத்தி கத்தினாள். சிரித்தவர்களில் பாதிப் பேர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள்.

அடுத்து வெர்லீன் கரையேறி நடந்தாள். அந்த நிமிர்ந்த நடை... லவீனியா நாற்காலியின் நுனிக்கு வந்தாள். அது தன் நடை.

வாசலில் அவன் காத்திருந்தான்.

"என் நடையைத் திருடிட்டீங்க."

"அத்தை எப்படி நடந்தாங்கன்னு எனக்குத் தெரியாது. நான் பாத்ததுல அவ்வளவு ரோஷமா நடந்தது நீங்க மட்டும்தான். வேற நடை மனசுல வர மாட்டேங்குது, லவீனியா..." தயங்கினான். "நாளைக்குக் கடலுக்கு வர்றீங்களா?"

"நாளைக்கா? இப்பத்தான் நீவியிருக்கேன். வெள்ளிக்கிழமை கேளுங்க. சனிக்கிழமை எப்படியும் அலசணும்."

வெள்ளிக்கிழமை கடலில் கயிறு இல்லை. அலைகள் தம் இஷ்டத்துக்குப் புரண்டன. லவீனியா இடுப்பளவு இறங்கினாள், கழுத்தளவு இறங்கினாள், அவனை ஒருமுறை திரும்பிப் பார்த்தாள். பிறகு முங்கினாள். தெளிந்த தண்ணீருக்குள் கூந்தல் விரிந்து அசைவதை, தான் கிழித்துப்போட்ட படத்தை, அவன் கண்ணெதிரே பார்த்தான்.

அவள் தலையை உதறிக்கொண்டு எழுந்தாள். முடி முழுதும் சுருண்டிருந்தது.

"நான் எல்லாருக்கும் முன்னாடி இப்படி நனைய மாட்டேன்..." என்றாள். "புரியுதா, டேரியஸ்?"

அவனுக்குப் புரிந்தது. செருப்பைக் கழற்றக்கூட மறந்து தண்ணீருக்குள் இறங்கினான்.