ஹவாய் வண்டியில் ஒரு பூட்ஸ் கால்!

"ஆ...! ஆஆ...! ஆஆஆஆ...!"

பெட்ரோல் பங்கே அதிர்ந்தது.

ஒன்பது வயசு பிரிட்டா, வேன் ஜன்னலில் பாதி உடம்பை வெளியே தொங்கவிட்டுக் கத்திக்கொண்டிருந்தாள். பெட்ரோல் போட்டுக்கொண்டிருந்த அவள் அப்பா கர்ட், பதறிப்போய்க் குழாயைத் தன் செருப்பு மேலேயே சாய்த்துக்கொண்டார்.

பின் சீட்டில் தூங்கிக்கொண்டிருந்த தாத்தா ஐனார் எழுந்த வேகத்தில் கூரையில் மண்டையை இடித்துக்கொண்டார்.

"எவன் செத்தான்?"

"யாரும் சாகலை தாத்தா! ஹவாய்! அதோ... ஹவாய் நம்பர் பிளேட்!"

கர்ட் திரும்பிப் பார்த்தார். அடுத்த நொடி, பெட்ரோல் செருப்போடு குதிக்க ஆரம்பித்தார்.

"அடி என் ராஜாத்தி! கண்டுபிடிச்சிட்டியே!"

அமெரிக்காவின் ஐம்பது மாநிலத்து நம்பர் பிளேட்டையும் ரோட்டில் தேடிப் பிடிக்கிற விளையாட்டு. கோடை லீவுக்குக் கிளம்பின எந்த வண்டியிலும் பிள்ளைகள் விளையாடுவதுதான். மற்ற எல்லாம் பார்த்தாயிற்று. ஹவாய் மட்டும் மூன்று கோடையாக ஏய்த்துக்கொண்டிருந்தது.

தீவு வண்டியாயிற்றே! கடலைத் தாண்டி எவன் கொண்டுவருவான்?

ஐனாரும் அதைத்தான் நினைத்தார்.

எவன் கொண்டுவருவான்...?

ஐனாருக்கு எழுபத்தெட்டு வயசு. மினசோட்டாவில் மாடு வளர்த்தவர். சர்ச்சில் எல்லாரும் கண்ணை மூடி ஜெபம் பண்ணும்போது இவர் மட்டும் ஒரு கண்ணைத் திறந்து வைத்திருப்பார். பாதிரியார் என்ன பண்ணுகிறார் என்று பார்க்க!

அந்த ஒற்றைக் கண்ணோடுதான் இப்போது பார்த்தார்.

பச்சை நிற பிக்கப் வண்டி. கிழடு. கதவின் அடிப்பக்கம் துருப்பிடித்துச் சல்லடையாகக் கிடந்தது. பனியை உருக்க ரோட்டில் கொட்டுகிற உப்பு தின்ற துரு அது. அதுகூடப் போகட்டும்... வண்டியின் முன்னால், மூக்கிலிருந்து எலி வால் மாதிரி ஒரு வயர் தொங்கியது. வயரின் நுனியில் கரண்ட் பிளக்!

மினசோட்டாவில் எல்லா வண்டிக்கும் அந்த வால் உண்டு. பனிக்காலத்தில் ராத்திரி அதைச் சுவரில் சொருகி எஞ்சினைச் சூடாக வைக்காவிட்டால், காலையில் வண்டி வெறும் கல்.

ஹவாயில் ஏது பனி?

"அப்பா! அந்தப் பார்வை வேணாம்."

ஐஸ் மூட்டையோடு வந்து நின்றாள் மகள் லோர்னா, பிரிட்டாவின் அம்மா.

"எந்தப் பார்வை?"

"காலைல லாட்ஜ் வாசல்ல அந்தப் பாதிரியாரைப் பாத்தீங்களே, அதே பார்வை!"

காலையில் லாட்ஜ் வாசலில் ஐனார் ஒரு கூத்து பண்ணியிருந்தார். கார் கதவில் கம்பி விட்டு நோண்டிக்கொண்டிருந்தவனைத் திருடன் என்று போலீஸுக்குப் போன் பண்ணினார். வந்து பார்த்தால், சாவியை உள்ளே வைத்துப் பூட்டிவிட்ட பாதிரியார்! அவருடைய சொந்தக் கார்!

"இன்னொரு தடவை போலீஸுக்குப் போன் பண்ணீங்க... அடுத்த ஊர்லயே பஸ் ஏத்தி ஊருக்கு அனுப்பிடுவேன். சத்தியமா!"

லோர்னா சத்தியம் பண்ணினால் பண்ணினதுதான். பெற்றவருக்குத் தெரியாதா?

ஐனார் இதுவரை கடலைப் பார்த்ததே இல்லை. ஓரிகன் கரையில் காலை நனைக்க வேண்டும்... அதற்குத்தான் இந்தப் பயணமே. சவுத் டகோட்டா தாண்டியாயிற்று. இப்போது வயோமிங். இன்னும் ஐடஹோ ஒன்றுதான் குறுக்கே கிடந்தது.

"நான் வாயே திறக்கலைம்மா."

"திறக்காதீங்க. பாத்ரூம் போயிட்டு வர்றேன்."

போகிற போக்கில் அவளும் அந்தப் பச்சை வண்டியை ஒரு பார்வை பார்த்தாள்.

அவள் தலை மறைந்ததும் ஐனார் இறங்கினார். சும்மா கால் ஆற்றிக்கொள்கிற மாதிரி பிக்கப் பக்கம் போனார்.

பூப்போட்ட சட்டையோடு ஒருவன் கடையிலிருந்து வந்தான். வாய் நிறைய சாசேஜ் ரொட்டி.

"என்ன பெருசு, வண்டி பிடிச்சிருக்கா?"

"ஹவாயா?"

"ஹவாயேதான்! கடல்... வெயில்... தென்னமரம்!"

"கப்பல்ல ஏத்தியா கொண்டாந்தீங்க?"

"ஆ... ஆமா. கப்பல்லதான்."

"இந்தத் தகர டப்பாவையா? வண்டி விலையை விடக் கப்பல் கூலி ஜாஸ்தியாச்சே!"

"ராசியான வண்டி, பெருசு."

"அது சரி... மூக்குல வயர் தொங்குதே, அது எதுக்கு?"

அவன் குனிந்து பார்த்தான். அன்றைக்குத்தான் முதன்முதலாகப் பார்க்கிறான் என்று அவன் மூஞ்சியே சொன்னது.

"அதுவா... அது ரேடியோவுக்கு!"

ரேடியோவுக்காம்!

"அங்கிள்! பிளேட் பக்கத்துல நின்னு ஒரு போட்டோ எடுத்துக்கவா?" என்று பிரிட்டா ஓடி வந்தாள். கர்ட் கேமராவைத் தூக்கினார். பூச்சட்டை பல்லெல்லாம் காட்டினான்.

காற்று ஒரு வீசு வீசியது.

பிக்கப்பின் பின்னால் மூடியிருந்த நீலத் தார்ப்பாய் தூக்கியது.

ஒரு பூட்ஸ்!

பூட்ஸுக்குள் ஒரு கால்! அசையாத கால்!

பூச்சட்டை பாய்ந்து போய்த் தார்ப்பாயை இழுத்து மூடினான்.

"பழைய மேஜை நாற்காலி..." என்றான். வண்டியில் ஏறினான். மேற்கே பறந்துவிட்டான்!

'ஹவாய்ல நாற்காலிக்குக்கூட பூட்ஸ் போடுவானுங்களோ?'

ஐனார் கணக்குப் போட்டார். போன் பண்ணினால் பஸ். பண்ணாவிட்டால் கடல். செத்தவன் யாரோ எவனோ. மாமனா? மச்சானா?

இரண்டு அடி வேனை நோக்கி நடந்தார்.

நின்றார்.

"அடச்சே!"

ஐஸ் பெட்டிக்குப் பக்கத்தில் காசு போட்டுப் பேசுகிற போன் இருந்தது. போட்டார்.

"ஹலோ! போலீஸா? பிணம்! பச்சை பிக்கப்புல பிணம்! ஹவாய் பிளேட்டு! மேற்கால போறான்!"

"உங்க பேரு?"

"எனக்குப் பேரே கிடையாது!"

அந்தப் பக்கம் ஒரு பெருமூச்சு.

"காலைல பாதிரியாரைப் பிடிச்சுக் குடுத்த பெரியவர்தானே நீங்க...?"

டொக்! போனை வைத்துவிட்டு ஓடி வந்து சீட்டில் உட்கார்ந்தார். கொஞ்ச நேரம் கழித்துத்தான் லோர்னா வந்தாள்.

"எங்கயாவது இறங்கிப் போனீங்களாப்பா?"

"இல்லியே. நீ ஏன் இவ்ளோ நேரம்?"

"கூட்டம்."

வேன் கிளம்பியது. அப்பனும் மகளும் ஆளுக்கொரு ஜன்னல் வழியாகக் பொட்டல்காட்டைப் பார்த்துக்கொண்டு வந்தார்கள். கர்ட் மட்டும் விசில் அடித்தார்.

"நல்ல மனுஷன் அந்த ஹவாய்க்காரர். போகும்போது நம்ம பிரிட்டாவுக்குக் கை ஆட்டிட்டுப் போனாரு, பாத்தீங்களா மாமா?"

"பாத்தேன், பாத்தேன்."

அரை மணி நேரம் போயிருக்கும்.

முன்னால் சிவப்பும் நீலமுமாக விளக்குகள் சுழன்றன!

ரோட்டோரம் பச்சை பிக்கப். பூச்சட்டை கையில் காப்போடு புல்லில் உட்கார்ந்திருந்தான். போலீஸ் டெபுடி பெர்னல் வேனைக் கைகாட்டி ஓரங்கட்டினார். சட்டென்று உள்ளே பார்த்தார்.

"மினசோட்டா வேன்... பெரியவர் ஒருத்தர்... பங்க்காரன் சொன்ன அடையாளம் சரியா இருக்கு! என்ன பெரியவரே, உங்க பிணத்தைப் பாக்கறீங்களா?"

லோர்னா மெதுவாகத் திரும்பினாள்.

"அப்பா...?"

டெபுடி தார்ப்பாயை உருவினார்.

வெண்கலம்!

தொப்பி, தாடி, பூட்ஸ் சகிதமாக, ஒரு கையை நீட்டி மேற்கைக் காட்டிக்கொண்டு மல்லாந்து கிடந்தது ஒரு வெண்கலச் சிலை.

"நெப்ராஸ்கால ஒரு ஊரை உண்டாக்கின புண்ணியவான். செத்து நூறு வருஷமாச்சு, பெரியவரே! இப்பத்தான் உங்களுக்குத் தகவல் வந்திருக்கு போல. ஊர் நடுவுல நின்னவரை இவன் பேத்துக்கிட்டு வந்துட்டான், உருக்கி விக்க. வண்டி நார்த் டகோட்டால திருடினது, அதுவும் பனி ஊரு. பிளேட்டு, பொம்மைக் கடையில தொங்குற தகரம்!"

"ஏன்டா ஹவாய்?" என்று கேட்டார் கர்ட், நம்ப முடியாமல்.

"எங்கயோ இருக்கிற ஊரு, யாரும் கவனிக்க மாட்டாங்கன்னு நினைச்சேன்!" என்று புல்லிலிருந்து புலம்பினான் பூச்சட்டை. "நாலு நாளா ரோட்டுல போற அத்தனை வண்டியும் ஹார்ன் அடிக்குது! பிள்ளைங்க அத்தனையும் கத்துது! ஏன்னே புரியாம நானும் கையை ஆட்டிக்கிட்டே வந்தேன்யா!"

"சின்ன வயசுல லீவுக்கு எங்கயுமே போனதில்ல போலிருக்கு, பாவம்!" என்றார் டெபுடி.

பிரிட்டாவின் உதடு பிதுங்கியது.

"அப்போ ஹவாய் கணக்குல சேராதா...?"

"போலி பிளேட் எப்படிடி சேரும்?" என்றாள் லோர்னா. கண் மட்டும் அப்பா மேலேயே இருந்தது. "நீங்க சொல்லுங்க. போன் பண்ணீங்களா இல்லியா?"

ஐனார் இறங்கி நின்றார். முதுகை நிமிர்த்தினார்.

"பண்ணேன். கால் தெரிஞ்சுது. மனுஷன் காலைப் பாத்தப்புறம் கடலாவது கத்திரிக்காயாவது! பஸ் எத்தனை மணிக்கு? எடு என் பெட்டியை."

"அம்மா, அம்மா... அவரைத் திட்டாதீங்க!" என்று குறுக்கே வந்தார் டெபுடி. "இவர் போனை நாங்க கண்டுக்கவே இல்ல. காலைல பாதிரியாரு, மத்தியானம் பிணம்னா எவன் நம்புவான்? ரெண்டாவதா ஒரு போன் வந்துச்சு. அதுக்கப்புறம்தான் ஜீப்பை எடுத்தோம்."

"ரெண்டாவதா?" என்றார் கர்ட்.

"அதே பங்க்லேர்ந்துதான். உள்ளே இருக்கிற போன். ஒரு பொம்பளைக் குரல். பேர் சொல்லல. 'வருஷம் பூரா வெயில் அடிக்கிற ஊர் வண்டிக்கு எஞ்சின் சூடு பண்ற பிளக் எதுக்குய்யா? திருட்டு வண்டி! போய்ப் பிடிங்க!'ன்னு ஒரே அதட்டு! நான் எழுந்தே நின்னுட்டேன்."

டெபுடி தலையைச் சொறிந்தார்.

"இப்ப நீங்க அப்பாவை அதட்டினீங்களே... அச்சு அசல் அதே அதட்டு!"



எல்லாரும் லோர்னாவைப் பார்த்தார்கள். லோர்னா வெண்கலச் சிலையைப் பார்த்தாள். காது இரண்டும் தக்காளி!

"லோர்னா...? நீ பாத்ரூம்தானே போனே?" என்றார் கர்ட்.

"பாத்ரூம் பக்கத்துலதாங்க போன் இருந்துச்சு..."

ஐனாருக்கு ஒரு கனைப்பு வந்தது. அது சிரிப்பாகி, தோளெல்லாம் குலுங்கியது.

"சத்தியம் பண்ணியிருக்கே மகளே. பஸ்ஸுக்கு டிக்கெட் ஒண்ணா, ரெண்டா?"

"ஒண்ணு போதும் மாமா!" கர்ட் வேன் சாவியை மாமனார் கையில் திணித்தார். "நீங்க ரெண்டு பேரும் கடலுக்குப் போங்க. எனக்கு எடுங்க அந்த டிக்கெட்டை... யாரையாவது நம்புறவனுக்கு இந்த வண்டியில இடமே இல்ல!"